நம் பட்டறையில் பிறந்த டெஸ்லா

1985 ஆகஸ்டில் பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்த அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர், தேசியக் கொடி பறக்க ஒரு சிவப்பு புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு பெருநிலத்திலிருந்து தீவுக்கு வந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் ஆசையாகச் சொல்லும் காட்சி அது. பாலமும் புதுசு, காடியும் புதுசு. சாகா அறிமுகமாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதன் உடம்புக்குள் இருந்தது ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே என்பதையும் அதே பெரியவர்கள் அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். "பேரு மட்டுந்தான் நம்மளது" என்று ஒரு சிரிப்பு வேறு.

சிரிப்பில் தப்பில்லை. ஆனால் அதே புரோட்டோன் பற்றி இன்னொரு கதை உண்டு, அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இன்று உலகமே பேசும் டெஸ்லாவின் முதல் கார், 'ரோட்ஸ்டர்' என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார், புரோட்டோனுக்குச் சொந்தமான ஒரு தொழிற்சாலையில் உருவானது. வதந்தி இல்லை. விவரமாகச் சொல்கிறேன்.

1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் கார் நிறுவனத்தின் பெரும்பங்கைப் புரோட்டோன் வாங்கியது. நார்ஃபோக் மாவட்டத்தில் ஹெத்தல் என்ற சிற்றூர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத்தளத்தில் அமைந்த தொழிற்சாலை. லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மனுக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான்: எடையைக் குறை. எஞ்சினைப் பெரிதாக்கினால் நேர்ச்சாலையில் மட்டும்தான் வேகம் கூடும், எடையைக் குறைத்தால் வளைவிலும் கூடும் என்பது அவர் கணக்கு. அவர் மறைந்த பிறகும் அந்தப் பிடிவாதம் போகவில்லை. 1996-இல் வந்த லோட்டஸ் எலிஸின் அடிச்சட்டம் அலுமினியத் துண்டுகளை வெல்டிங் செய்யாமல் பசை போட்டு ஒட்டியது. பசைதான், படிக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. முழுக் காரின் எடை ஏறக்குறைய 725 கிலோ. நம் மைவியைவிட 200 கிலோவுக்கு மேல் குறைவு.

2003-இல் கலிபோர்னியாவில் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்ப்பெனிங்கும் டெஸ்லாவைத் தொடங்கினார்கள். ஈலோன் மஸ்க் பணத்தோடு வந்து சேர்ந்தது அதன் பிறகு. அவர்களுக்கு மின்சாரம் தெரியும், கார் செய்யத் தெரியாது. கார் தெரிந்தவர்கள் ஹெத்தலில் இருந்தார்கள். 2005-இல் ஒப்பந்தம் போட்டார்கள். எலிஸை அடிப்படையாக வைத்து உடம்பு, சட்டம், பிரேக், இருக்கை எல்லாவற்றையும் லோட்டஸ் கோத்துக் கொடுக்கும். மோட்டாரும் பேட்டரியும் இல்லாத அந்தக் கார் கலிபோர்னியாவுக்குப் போய் உயிர் பெறும். 2008 தொடங்கி 2012 வரை இப்படி ஏறக்குறைய 2,450 கார்கள் விற்றன. அவ்வளவு வருடமும் ஹெத்தல் தொழிற்சாலையின் உரிமையாளர் நம் புரோட்டோன்தான்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தக் காரைத் திறந்து பார்ப்போம். ஸ்போர்ட்ஸ் கார் டிசைன் என்றதும் நம் கண்ணில் வருவது பென்சில், வளைவு, பூனைக்கண் விளக்கு. மின்சார ஸ்போர்ட்ஸ் காரில் முதல் கேள்வி வேறு: பேட்டரியை எங்கே வைப்பது?

ரோட்ஸ்டரின் பேட்டரி 6,831 சிறு செல்களால் ஆனது. பழைய மடிக்கணினிக்குள் இருந்த அதே வகை, நாம் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியைவிடச் சற்றே பெரியது. 621 செல்கள் கொண்ட 11 தட்டுகளாக அடுக்கினார்கள். மொத்தப் பெட்டியின் எடை சுமார் 450 கிலோ. எடை குறைவு என்பதற்காகவே தேர்ந்தெடுத்த எலிஸின் மொத்த எடையில் பாதிக்கும் மேல் இந்த ஒரு பெட்டி! இன்றைய குடும்ப மின்சாரக் கார்களில் பேட்டரி காலடியில், தரை முழுக்கப் பரந்து கிடக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் அது சரிப்படாது. பேட்டரி மேல் உட்கார்ந்தால் ஓட்டுநர் உயரும், அவர் தலைக்காகக் கூரை உயரும், கூரை உயர்ந்தால் காற்று தடுக்கும். பார்வைக்கும் அது ஸ்போர்ட்ஸ் காராக இருக்காது. ஆகவே எலிஸில் எஞ்சின் இருந்த இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால் பெட்டியை நிறுத்தினார்கள். விளைவு, காரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்சக்கரங்கள் மேல். அதைச் சமாளிக்க ஸ்பிரிங், டயர் எல்லாம் மாற வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே சுமார் 5 சென்டிமீட்டர் கூட்டினார்கள்.

எலிஸில் கதவைத் திறந்தால் காலைத் தூக்கி ஒரு திண்ணையைத் தாண்டுவதுபோல் ஏற வேண்டும். வேட்டி கட்டியவர் பாடு திண்டாட்டம். மஸ்க் அதைத் தாழ்த்தச் சொன்னார், சுமார் 5 சென்டிமீட்டர் தாழ்த்தினார்கள். அந்தத் திண்ணைதான் காரின் விறைப்பைத் தாங்குவது. அதைக் குறைத்தால் சட்டத்தை வேறு இடத்தில் பலப்படுத்த வேண்டும், பலப்படுத்தினால் எடை கூடும், கூடிய எடையைக் குறைக்க உடம்பை விலை உயர்ந்த கார்பன் ஃபைபரில் செய்ய வேண்டும், செய்தால் செலவு கூடும். ஏற வசதியாக இருக்கட்டுமே என்ற ஓர் ஆசை ஏறியது இவ்வளவு தூரம். கார் டிசைன் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்தத் திண்ணைக் கதையைத்தான் சொல்வேன்.

பிறகு சூடு. 2006 ஜூலையில் ரோட்ஸ்டரை மேடையேற்றினார்கள். அடுத்த மாதமே டெல் நிறுவனம், தீப்பிடிக்கும் அபாயம் என்று 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்ப அழைத்தது. அதே வகைச் செல்கள் ஆறாயிரத்துச் சொச்சம், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்! ஒரு செல் எரிந்தாலும் பக்கத்துச் செல்லுக்குப் பரவாதபடி இடைவெளி, நடுவே குளிர்நீர்க் குழாய்கள், ஒவ்வொரு தட்டையும் கண்காணிக்கும் மின்சுற்று. டெஸ்லாவின் உண்மையான கண்டுபிடிப்பு மோட்டார் இல்லை, இந்தப் பெட்டிதான் என்பது என் எண்ணம். அதைத் தாய்லாந்தில் கோக்கலாம் என்பது முதல் திட்டம். பிறகு கலிபோர்னியாவிலேயே செய்யலாம் என்று கைவிட்டார்கள். நமக்கு நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நாடு. ஜப்பானில் செல், தாய்லாந்தில் பெட்டி, இங்கிலாந்தில் உடம்பு என்று சுற்றிச் சுற்றி அலைய வேண்டிய கார் அது.

கியர் பெட்டி இன்னொரு தலைவலி. பெட்ரோல் எஞ்சின் சுழலச் சுழலத்தான் பலம் பெறும். மின் மோட்டார் நின்ற நிலையிலேயே முழுப் பலத்தையும் காட்டும். இரண்டு கியர் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை சீறிக் கிளம்பும்போதும் விழும் அடியை அந்தப் பெட்டி நீண்ட நாள் தாங்கவில்லை. கடைசியில் ஒரே கியர் போதும் என்று முடிவுசெய்து, குறைந்த கியரின் வேலையை மோட்டாரையும் அதை இயக்கும் மின்னணுப் பகுதியையும் பலப்படுத்தி வாங்கினார்கள். இதிலேயே 2007-இல் வரவேண்டிய கார் 2008-க்குத் தள்ளிப்போனது. பிற்பாடு மஸ்க்கே, இன்னொருவர் காரை எடுத்து மாற்றியதை, ஒரு வீட்டை வாங்கி அடித்தளத்தில் ஒரு சுவரைத் தவிர மற்றதை எல்லாம் இடித்துக் கட்டுவதற்கு ஒப்பிட்டார். ஆனால் அப்படி இடித்துக் கட்டியதில்தான் அவர்கள் கார் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்பேன். 2012-இல் வந்த மாடல் எஸ் யாருடைய காரும் இல்லை, முழுக்க அவர்களுடையது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. காலை நிகழ்ச்சியில் 'உங்கள் பிள்ளை என்ன படிக்க ஆசைப்படுகிறது?' என்று கேட்டிருந்தோம். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். "தம்பி, பையன் எந்நேரமும் காடிதான் வரையறான். கணக்கு நோட்டுப் பின்னால பூரா காடி. எஸ்பிஎம் முடிச்சதும் கரண்டுல ஓடுற ஸ்போர்ட்ஸ் காடி டிசைன் பண்ணப் போறேங்கிறான். அவங்க அப்பாவுக்குக் கோபம். இதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு ஆகுற வேலையா தம்பி?"

செய்திக்கு நாற்பது வினாடி இருந்தது. நாற்பது வினாடியில் அடங்குகிற கேள்வி இல்லை. ஒலிபரப்பு முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டுப் பையனிடம் கொடுக்கச் சொன்னேன். "தம்பி, உன் காடியில பேட்டரி எங்க இருக்கு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அத இன்னும் வரையலண்ணே" என்றான். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. இருக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதைச் சுற்றி அம்புக்குறிகள். கீழே ஒரு வரி: 'அம்மா பொருள் வைக்க இடம் எங்கன்னு கேக்குறாங்க.' ஒரே நாளில் அவன் வீட்டிலேயே ஒரு டிசைன் கூட்டம் நடந்திருக்கிறது.

வானொலிக்காரன் என்பதால் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கர்னி டிரைவில் சனிக்கிழமை இரவு நின்றால் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார் வருவது கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும். மின்சாரக் கார் வந்து போனது போன பிறகுதான் தெரிகிறது. 2010 ஜெனீவா கண்காட்சியில் லோட்டஸ் ஒரு ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியது, எவோரா 414இ. பின்சக்கரங்களுக்கு இரண்டு மின் மோட்டார், பேட்டரி குறைந்தால் மின்சாரம் தயாரித்துக் கொடுக்க ஒரு சின்ன மூன்று சிலிண்டர் எஞ்சின். அந்த எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அதில் ஒலிபெருக்கி வழியாகச் செயற்கை எஞ்சின் சத்தம் கொடுத்தார்கள். இல்லாத கியரை மாற்றுவதுபோல் ஓர் உதறலும் உண்டு. அன்று அது பொம்மை வேலைபோல் தெரிந்திருக்கும். 2023-இல் ஹியூண்டாய் ஐயோனிக் 5 என் அதே வித்தையோடு விற்பனைக்கு வந்தபோது ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் சொக்கிப்போனார்கள். ஐரோப்பாவில் 2019 முதல் புதிதாக வரும் மின்சாரக் கார் ரகங்கள் மெதுவாகப் போகும்போது பாதசாரிக்குக் கேட்கும்படி சத்தம் எழுப்பியாக வேண்டும் என்பது சட்டம். ஒரு காருக்கு என்ன குரல் என்று முடிவு செய்யவும் ஆள் தேவைப்படுகிறது. என்னைப்போல் ஊடகத்துறையில் படித்தவனுக்கும் இந்தத் தொழிலில் ஓர் இடம் இருக்கிறது பாருங்கள்.

அதே 2010 ஜெனீவாவில் புரோட்டோனும் ஒரு சிறிய ஹைப்ரிட் மாதிரிக் காரை வைத்திருந்தது. இத்தாலியின் ஜுஜாரோ நிறுவனம் வடிவமைத்தது, உள்ளே லோட்டஸின் அந்தச் சின்ன எஞ்சின். பெயர் 'எமாஸ்'. மலாயில் தங்கம். டெஸ்லாவுக்கு உடம்பு செய்து கொடுத்த அனுபவம், சொந்தமாக ஒரு ஹைப்ரிட் எஞ்சின், பெரிய டிசைனர் கையில் ஒரு வடிவம், எல்லாம் ஒரே ஆண்டில் ஒரே கூரையின் கீழ் இருந்தன. எமாஸ் சாலைக்கு வரவில்லை.

2017-இல் லோட்டஸின் 51 விழுக்காட்டைச் சீனாவின் கீலி வாங்கியது. கூடவே புரோட்டோனின் 49.9 விழுக்காட்டையும். இரண்டே ஆண்டில், 2019 ஜூலையில், லோட்டஸ் 'எவைஜா' என்ற முழு மின்சாரக் காரைக் காட்டியது. 130 மட்டுமே செய்வதாகத் திட்டம், ஏறக்குறைய 2,000 குதிரைத்திறன். அதிலும் பேட்டரி இருக்கைக்குப் பின்னால்தான், ரோட்ஸ்டரில் வைத்த அதே இடம். 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரை விற்பனைக்கு விட்டது. பெயர் இ.மாஸ் 7. பதினான்கு ஆண்டு பெட்டியில் கிடந்த பெயர் திரும்பி வந்தது, உள்ளே கீலியின் கார். சாகாவுக்குள் மிட்சுபிஷி இருந்ததுபோலவே.

லோட்டஸிடமிருந்து நாம் ஒன்றும் கற்கவில்லை என்று சொல்வது அநியாயம். புரோட்டோன் கார்கள் வளைவில் பிடித்து நின்று போவதற்கு ஹெத்தல் ஆட்களின் கைப்பக்குவம் காரணம், 2004-இல் வந்த கேம்புரோ எஞ்சினும் லோட்டஸ் கூட்டில் பிறந்தது. கற்றதெல்லாம் பெட்ரோல் பாடம். பக்கத்து மேசையில் நடந்த மின்சாரப் பாடத்தை நாம் வாடிக்கையாளர் வேலையாகவே பார்த்தோம் என்று தோன்றுகிறது. பட்டறைக்குச் சொந்தக்காரராக இருப்பது வேறு, அங்கே கையில் கிரீஸ் படிவது வேறு.

குரோவேஷியாவைப் பாருங்கள். மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு, சொல்லிக்கொள்ளும்படி கார்த் தொழிலே இல்லாத நாடு. அங்கே மேட் ரிமாக் என்ற இளைஞன் 1984 ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ ஒன்றை வைத்துப் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தான். எஞ்சின் வெடித்தது. வீட்டுக் கராஜில் அதை மின்சாரக் காராக மாற்றினான். 2009-இல் கம்பெனி, 2011-இல் முதல் மாதிரிக் கார், 2021-இல் 'நெவேரா'. அதே ஆண்டு புகாட்டியே அவனுடைய நிறுவனத்தோடு இணைந்தது. அவன் தொடங்கியதும் இன்னொருவர் காரில்தான். சாகா, ரோட்ஸ்டர், ரிமாக்கின் பிஎம்டபிள்யூ, மூன்றுமே இரவல் உடம்பு. அந்த உடம்பை யார் எவ்வளவு வெட்டிப் பார்த்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த அக்காவின் 'நம்ம ஆளுங்களுக்கு' என்ற கேள்விக்கு வருகிறேன். மின்சாரக் காரில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு வேண்டிய மாறுமின்சாரமாக மாற்றுவது அதன் வேலை. உள்ளே இருக்கும் சில்லுகள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சூடு வீணாகும். சிலிக்கன் கார்பைடு என்ற பொருளில் சில்லு செய்தால் அந்த வீண் குறைகிறது. சூடு குறைந்தால் குளிர்விக்கும் கருவி சிறிதாகலாம், எடை குறையும். சாப்மனின் பழைய பிடிவாதம் சில்லுக்குள் வந்துவிட்டது. அந்தச் சில்லு செய்யும் இன்ஃபினியனின் பெரிய ஆலை 2024 ஆகஸ்டில் கூலிமில் திறக்கப்பட்டது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அரை மணி நேரம். முதல் கட்ட முதலீடே 200 கோடி யூரோ. அதற்கு முந்தைய ஆண்டு, பினாங்கின் பெருநிலப் பகுதியில் போஷ் நிறுவனம் கார்ச் சில்லுகளையும் சென்சார்களையும் பரிசோதிக்கும் நிலையத்தைத் திறந்தது. நம் பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிப் போகிற பக்கம்தான் இதெல்லாம்.

பையனின் அப்பா கோபப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. கார் வரைபவர்களுக்கு உலகத்திலேயே வேலை கொஞ்சம். ஆனால் சூட்டைக் கணக்குப் போடுபவர், மின்சுற்று செய்பவர், பேட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுபவர் ஆகியோருக்கு அப்படி இல்லை. படிவம் 4-இல் இயற்பியலும் கூடுதல் கணிதமும் எடுத்துவைத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். வரைவதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். நோட்டை மட்டும் மாற்றுங்கள், கணக்கு நோட்டு பாவம்.

நம்மவர்கள் இதில் இல்லாமலும் இல்லை. 2014 நவம்பரில் புத்ராஜெயாவில் ஃபார்முலா இ மின்சாரப் பந்தயம் நடந்தபோது சென்னைக்காரர் கருண் சந்தோக் மகேந்திரா அணிக்காக ஓட்டினார். அன்றைய பேட்டரி ஒரு பந்தயம் முழுக்கத் தாங்காது. பாதியில் நிறுத்தி, இறங்கி, இன்னொரு காரில் ஏறி ஓடுவார்கள். சென்னை ஐஐடி மாணவர்களின் ராஃப்தார் அணி 2022 நவம்பரில் தன் முதல் மின்சாரப் பந்தயக் காரை வெளியிட்டது. மாணவர்களே கட்டும் இப்படிப்பட்ட கார்களுக்காக ஃபார்முலா பாரத் போட்டி கோயம்புத்தூர் கரி பந்தயத் தளத்தில் நடக்கிறது.

இந்த மாணவர் போட்டிகளில் வேகம் மட்டும் போதாது. ஏன் இந்த இடத்தில் பேட்டரி, ஏன் இவ்வளவு செலவு என்று நடுவர்கள் குடைவார்கள், அதற்குத் தனி மதிப்பெண். மின்சாரக் கார் என்றால் ஓட விடுவதற்கு முன் ஒரு மழைச் சோதனையும் உண்டு. இரண்டு நிமிடம் நாலா பக்கமும் தண்ணீர் பீய்ச்சுவார்கள், எங்கேயும் மின்கசிவு இருக்கக்கூடாது. இதைப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "ரெண்டு நிமிஷந்தானாண்ணே? நம்ம ஊர் மழைக்குப் பத்தாதே" என்று பதில் வந்தது.